சோமனூர்த் தறியும் ஸ்டுட்கார்ட் வேலையும்

எங்கள் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தால், மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஊருக்கு அவள் போவது பேச்சே இல்லாத விஷயம். அமெரிக்காவோ துபாயோ ஓசூரோ, பெட்டியைக் கட்டிவிடுவாள். அதையே திருப்பிப் போட்டு, பெண்டாட்டி வேலைக்காகப் புருசன் போகிறான் என்றால் அடுத்த மூன்று கல்யாணத்துக்குப் பந்தியில் அதுதான் பேச்சு.

பல்லடம் ரோட்டில் சின்ன ஆபீஸ் வைத்துத் தறிக்காரர்களுக்கும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் ஜிஎஸ்டி, வருமான வரி பார்ப்பது என் பிழைப்பு. வரிக் கணக்குக்கு வருகிறவர்கள் வீட்டுக் கணக்கையும் சேர்த்துக் கொண்டுவந்து மேஜையில் கொட்டுவார்கள். 2023 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்த இந்தத் தம்பதியும் அப்படித்தான். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கிற விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரைத் தம்பி என்றும் அந்தப் பெண்ணை அம்மணி என்றும் ஆபீஸில் கூப்பிடுவது வழக்கம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தம்பிக்கு அப்போது 40 வயது. டெக்ஸ்டைல் டிப்ளமா. சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில், அப்பா காலத்து ஷெட்டில் 24 சாதா விசைத்தறி. பாவும் (நீளவாட்டில் ஓடும் நூல்) ஊடை நூலும் (குறுக்கே ஓடுவது) ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். நெய்து கொடுத்துக் கூலி வாங்குவது இவர் தொழில். அம்மணிக்கு 36. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில், காருக்குள் ஓடுகிற மென்பொருள் எழுதும் வேலை, பன்னிரண்டு வருட அனுபவம். மகள் நான்காம் வகுப்பு, மகனுக்கு மூன்றரை வயது. கூடவே தம்பியின் அம்மா, 67 வயது, சர்க்கரை உண்டு. மூன்று ஏக்கர் தென்னை, இரண்டு எருமை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து அம்மணிக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. மே மாதம் சேர வேண்டும்.

அம்மணி லேப்டாப்பைத் திறந்து வைத்தார், வரிசை வரிசையாகப் பட்டியல். தம்பி தறியை நிறுத்திவிட்டு நேராக வந்திருக்கிறார், காலரிலும் காது மடலிலும் பஞ்சு. "போலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லீருங்ணா" என்றார்.

முதலில் காசு. எல்லோரும் அதைத்தான் காரணம் என்பார்கள். சம்பளம் ஆண்டுக்கு 72,000 யூரோ. தம்பியின் மாமா ஒருவர் அதை அன்றைய விலைக்கு 90-ஆல் பெருக்கி, "மாசம் அஞ்சரை லட்சமா!" என்று வாயைப் பிளந்தாராம். ஜெர்மனியில் அப்படிக் கைக்கு வராது. மாதம் 6,000 யூரோவில் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் பிடித்தது போக, ஒருவர் மட்டும் சம்பாதிக்கிற குடும்பத்துக்குச் சாதகமான மூன்றாம் வரி வகுப்பில்கூட, 4,100 சொச்சம்தான் வரும். குழந்தைகளுக்கு அரசு கொடுக்கும் பணம் அப்போது தலைக்கு 250, ஆக 500. சம்பாதிக்காத கணவரும் பிள்ளைகளும் அம்மணியின் அரசு மருத்துவக் காப்பீட்டில் தனிச் சந்தா இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம். நம்மூரில் ஒரு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

செலவு: வீட்டு வாடகை, சூடேற்றும் செலவோடு 1,650. மளிகை 750. சின்னவனுக்குப் பாலர் பள்ளி 300. பெரியவர்கள் இருவருக்கும் பஸ், ரயில் மாத டிக்கெட் 49 வீதம் 98. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 ஒளிபரப்புக் கட்டணம். இதைக் கேட்டுத்தான் தம்பி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். துணிமணி, போன், இதர 450. வருடம் ஒருமுறை நாலு பேரும் ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டை மாதத்துக்குப் பிரித்தால் 280. எல்லாம் போக 1,050 யூரோ நிற்கும். ரூபாயில் 95,000.

இங்கே? அம்மணிக்குக் கைக்கு 1,20,000. தறியில் நல்ல மாதம் 60,000, கெட்ட மாதம் 20,000, சராசரி 45,000. வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், கார் தவணை, தம்பியின் அம்மாவுக்கு மருந்து எல்லாம் 80,000. மிச்சம் 85,000.

வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய். "இதுக்காகன்னா எருமையை வித்துட்டு ஜெர்மனி போக வேண்டியதில்லை, அம்மணி" என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். "2016-ல ஒரு தடவை, 2019-ல ஒரு தடவை அமெரிக்கா போகச் சொன்னாங்கண்ணா. ரெண்டு தடவையும் நாந்தான் வேண்டாம்னேன். அப்ப யாரும் இப்படிக் கணக்குப் போட்டுப் பாக்கலை."

தம்பி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை. விஷயம் காசில்லை என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

அந்த அமெரிக்கப் பயணங்களை விட்டதற்கு ஒரு நியாயமும் இருந்தது. அங்கே ஹெச்-1பி என்ற வேலை விசாவில் போகிறவரின் துணைக்குக் கிடைப்பது ஹெச்-4. நிரந்தர வசிப்புரிமைக்கான மனு ஒரு கட்டம் தாண்டினால் ஒழிய அதை வைத்து வேலை பார்க்க முடியாது. சிங்கப்பூரிலும் 2021 மே மாதத்திலிருந்து, குடும்பத்தோடு போகும் துணை வேலை பார்க்க வேண்டுமென்றால் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து நேராகப் பறக்கலாம், போய் இறங்கி வீட்டில்தான் உட்கார வேண்டும். ஜெர்மனியில் படித்த வெளிநாட்டு வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் ப்ளூ கார்டு அனுமதி அப்படியில்லை. அதை வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ முதல் நாளிலிருந்தே எந்த வேலைக்கும் போகலாம், விசாவுக்கு ஜெர்மன் மொழித் தேர்ச்சிகூடக் கேட்பதில்லை. 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு தேறினால் 21 மாதத்திலேயே. இன்னொன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. சாதாரண அனுமதியில் ஆறு மாதம் நாட்டை விட்டு வெளியே இருந்தால் அது காலாவதியாகிவிடும். ப்ளூ கார்டு குடும்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் வரை தாங்கும். தம்பிக்கு நடுவில் ஊருக்கு வந்து நாலைந்து மாதம் தறியையோ அம்மாவையோ பார்க்க வேண்டி வந்தாலும் போச்சு என்று ஆகாது.

சட்டம் வேலை பார்க்க விடும் என்பது சரி. ஆனால் என்ன வேலை? "திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு அம்மணி ஆபீஸ் போயிருவாங்க, பாப்பா ஸ்கூலுக்குப் போயிரும். நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அம்மணியின் பட்டியலில் நாற்பது வரிசை இருந்தது, இதற்கு ஒரு வரிசை இல்லை. இப்படி எத்தனையோ குடும்பங்களுக்குப் பார்த்திருக்கிறேன். போகிறவரின் சம்பளத்தைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுவார்கள், கூடப் போகிறவரின் பகல் பொழுதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெண்கள் கூடப் போகும்போது அதை 'வீட்டைப் பார்த்துக்குவா' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இங்கே கூடப் போகிறவர் ஆண் என்பதால்தான் எனக்கே அந்தக் கேள்வி தோன்றியது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

பொங்கல் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாக்கள் இருவர், பெரியப்பா ஒருவர், திண்ணையில் பஞ்சாயத்து. "நாலு தலைமுறையாத் தறி ஓட்டுன குடும்பம். பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறணுமா?" என்றார் பெரிய மாமா. அம்மணி உள்வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லித் தழை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது, தலை நிமிரவில்லை. தம்பிதான் பேசினார். "போன மாசம் பூராக் கூலி வரலீங் மாமா. அரிசி யாரு சம்பளத்துல வந்துச்சுன்னு நெனைக்கறீங்க?" அதற்கப்புறம் திண்ணையில் பேச்சு தென்னைக்கு மாறிவிட்டது.

தறியை என்ன செய்வது என்பதில்தான் ஒரு மாதம் ஓடியது. விற்றால் எடைக்குத்தான் போகும். சாதாத் தறிக்கு வாங்குகிற ஆள் கிடையாது, காயலான் கடைக்காரர் ஒரு தறிக்கு 25,000 என்றார். ஆள் வைத்து ஓட்டுவது ஆகாது. நாடா, அதாவது ஊடை நூலோடு குறுக்கே ஓடும் கட்டை, அடிக்கும் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சொல்கிறவர் தம்பி. அவர் இல்லாத ஷெட்டில் மூன்றே மாதத்தில் பாதித் தறி நின்றுவிடும். மூன்றாவது வழி வாடகை. பக்கத்து ஊரில் பன்னிரண்டு தறி வைத்திருந்த ஒருவர் மாதம் 30,000-க்கு எடுத்துக்கொள்ளத் தயார். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் இருக்கிறதே, 2023-ல்தான் 750-லிருந்து உயர்த்தினார்கள், அந்த இணைப்பும் ஓட்டத்தில் இருக்கும்.

அம்மணி ஒருமுறை விற்றுவிடலாம் என்ற மாதிரி பேசினார். "இழை அறுந்தா பிணைச்சுக்கலாம். பாவையே வெட்டி எடுத்துட்டா மறுக்கா ஏத்தணும்" என்றார் தம்பி. எனக்கு அது பிடித்துப்போய், மற்ற எல்லாவற்றையும் அந்தக் கண்ணால் பார்க்கச் சொன்னேன். கோயம்புத்தூர் பள்ளி இடம் அறுந்தால் பிணைத்துக்கொள்ளலாம். அம்மணியின் இப்போதைய வேலையும் அப்படியே, பன்னிரண்டு வருட அனுபவத்துக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடைக்கும். தறியை எடைக்குப் போட்டால் திரும்பாது. 36 வயதில் மூன்றாம் முறையாக வந்திருக்கும் வாய்ப்பு நாலாம் முறை வரும் என்று சொல்ல முடியாது. அம்மாவின் வயது எந்தக் கணக்கிலும் திரும்பாது.

வரி விஷயத்தில் இரண்டு நுணுக்கம், இந்த நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வெளிநாடு வாழ்பவராகிவிடுவார். அம்மணி மே மாதமே போனதால் அவருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அந்தச் சலுகை வேலைக்காகப் போகிறவருக்கு மட்டும். அதுவரை இங்கேயே இருந்து துணையாகப் போகிற தம்பிக்கு, 60 நாள் இருந்தாலே இந்தியவாசி என்கிற விதிதான், ஆகஸ்ட் வரை இங்கே இருந்ததால் அந்த வருடம் முழுக்க அவர் இந்தியவாசி. ஒரே வீடு, இரண்டு விதி. இரண்டாவது, வெளிநாடு வாழ்பவருக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். சின்னத் தறிக்காரரிடம் இதைச் சொன்னால் ஓடிவிடுவார். நல்லவேளையாக நிலமும் ஷெட்டும் அம்மா பெயரில் இருந்தன. தறிகளையும் அம்மாவுக்குத் தானமாக எழுதி, ஒப்பந்தத்தை அவர் பெயரிலேயே போட்டோம். தோப்பை என்ன செய்வது என்று பயந்தார்கள். வெளிநாட்டில் குடியேறியவர் விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாதே தவிர, இருப்பதை வைத்திருக்கலாம், வாரிசாக வருவதையும் பெறலாம். வங்கிக் கணக்குகளை மட்டும் என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடு வாழ்பவர் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும்.

அம்மாவைப் பற்றி. 2024 மார்ச் 1-க்குப் பிறகு ப்ளூ கார்டு வாங்குகிறவர்கள் பெற்றோரையும், துணையும் அங்கே இருந்தால் மாமனார் மாமியாரையும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஜெர்மனி சட்டத்தைத் திருத்தியிருந்தது. அம்மணி குதித்துக்கொண்டு வந்து சொன்னார். படித்துப் பார்த்தால், அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இருந்தாக வேண்டும். குடும்பக் காப்பீட்டில் பெற்றோர் வர மாட்டார்கள். 67 வயதில் சர்க்கரையோடு தனியார் காப்பீட்டுக்குப் போனால் அங்கேதான் முட்டும். அது போகட்டும், அந்த அம்மாவை யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன்.

"என்ற எருமையை யாரு கையில புடிச்சுக் குடுத்துட்டு வர்றது? அங்க தவுட்டுக்குக் கூட வழியிருக்காது" என்றார். அப்புறம் மகனைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க சாமி. எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஐஸ்பொட்டீல வெச்சிருப்பாங்க. பதட்டமில்லாம வா" என்றார். சாதாரணமாகச் சொன்னார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. தம்பி எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். பெருந்துறையில் கட்டிக்கொடுத்த தம்பியின் அக்கா வாரம் ஒருநாள் வந்து பார்ப்பதாகவும், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சம்பளத்துக்கு இரவில் துணை படுப்பதாகவும் ஏற்பாடு. வாடகை 30,000 அம்மா செலவுக்கே போகும்.

மகளின் பள்ளிதான் எனக்குப் பயமாக இருந்தது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் தொடக்கப் பள்ளி நாலே வகுப்பு. நாலாம் வகுப்பு முடிவில் பிள்ளை எந்த வகை மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறது என்று பிரிக்கிறார்கள். ஒன்பதரை வயதில், ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல், சரியாக அந்த வாசலில் போய் இந்தப் பெண் நிற்கப் போகிறாள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கும் ஆயத்த வகுப்பு உண்டு, எல்லா வகையினரும் சேர்ந்து படிக்கிற பொதுப் பள்ளி வகையும் உண்டு. இருந்தாலும் நான் ஒரு வருடம் தள்ளிப் போகச் சொன்னேன். அம்மணி ஒத்துக்கொள்ளவில்லை. பத்தரை வயதில் போனால் இன்னும் மோசம் என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

பிப்ரவரியில் முடிவாயிற்று. அம்மணி மே மாதம் தனியாக முன்னால் போவது, மற்றவர்கள் பள்ளி திறக்கும் முன் ஆகஸ்டில் போவது. தறி விற்பதில்லை, இரண்டு வருடம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவது. தம்பி ஒரு நிபந்தனை போட்டார், தனக்குத் தானே. கோயம்புத்தூர் கோத்தே சென்ட்ரத்தில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டார். விசாவுக்குத் தேவையில்லை என்று சொன்னேன். "திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்குத் தேவைப்படுமுங்ணா" என்றார். ஒருநாள் ஷெட்டுக்குப் போனபோது, தார் (நாடாவுக்குள் வைக்கும், ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்றிக்கொண்டே தறி அடிக்கும் தாளத்துக்கு 'டெர், டீ, டஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். தார் சுற்றும் பாட்டிக்கும் அது மனப்பாடம்.

என் பிழை ஒன்று. 2012-ல் கருமத்தம்பட்டி மண்டபத்தில் ஊரே கூடி நடந்த கல்யாணம், ஆனால் பதிவே செய்யவில்லை. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் பதிய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், கேட்கத் தோன்றவில்லை. விசாவுக்குச் சான்றிதழ் கேட்டபோதுதான் சார்பதிவாளர் ஆபீஸுக்கு ஓடினோம். மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலோடு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் விரித்து இன்னொரு மாதிரி. அதைச் சரிசெய்யவும் இரண்டு மாதம் போயிற்று. ஆகஸ்ட் கடைசி வாரம்தான் ஏறினார்கள்.

முதல் குளிர்காலம் தம்பிக்கு நன்றாக இல்லை. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டு. வாரம் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டு, "கூலி என்னங்ணா போகுது? நூல் வெலை என்ன?" என்று கேட்பார். நூல் விலையைத் தெரிந்து அங்கே என்ன செய்யப் போகிறார்? நான் சொல்வேன், அவர் கேட்டுக்கொள்வார். சமையல், சின்னவனைக் கொண்டுவிடுவது, கூட்டிவருவது, நடுவில், புதிதாகக் குடியேறியவர்களுக்கு மொழியும் நாட்டு நடப்பும் சொல்லித்தரும் 700 பாடவேளை ஒருங்கிணைப்பு வகுப்பு. நம்மூர் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், அதற்கப்புறம் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுத வேண்டும் என்பது அவர் மானத்தை ரொம்பவே பாதித்தது. இருபது வருடமாக டெம்போ ஓட்டுகிறவர். மகள் ஆறு மாதத்தில் தோழிகளோடு ஜெர்மனில் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். யாரும் கவலைப்படாத சின்னவன்தான் பாலர் பள்ளியில் ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை.

2025 மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வேலைநிறுத்தம் செய்தன. ஏறக்குறைய ஒரு மாதம். வாடகைக்கு எடுத்தவர் இரண்டு மாதம் பணம் கொடுக்கவில்லை. தம்பி ஏப்ரலில் தனியாக வந்து இறங்கினார். மூன்று வாரம் இருந்தார். நின்று கிடந்த தறிகளுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர்களில் உதவாததை மாற்றினார். திரும்பிப் போக மாட்டார் என்று மாமாக்கள் பந்தயமே கட்டினார்கள். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அவருக்கு ஒரு வீடியோ வந்தது. சின்னவன் பாலர் பள்ளி வாசலில் நின்று ஜெர்மனில் ஏதோ பாட்டுப் பாடினான். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போனார்.

பி1 தேர்வு முதல் தடவை போயிற்று, இரண்டாம் தடவை தேறினார். ஜூனில் ஒரு பேக்கிங் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு உதவியாளர் வேலை, ஷிப்ட். நேர்முகத்தில் பட்டறைப் பொறுப்பாளர் ஓடுகிற மெஷின் ஒன்றைக் காட்டி, எங்கே கோளாறு என்று கேட்டாராம். இவர் பார்ப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாராம். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு எனக்குப் போன், "பாதியப் புடுங்கிட்டாங்கண்ணா!" அம்மணி மூன்றாம் வகுப்பில் இருந்தால் இவர் தானாக ஐந்தாம் வகுப்பு, அதில் பிடித்தம் அதிகம், இருவரும் நாலாம் வகுப்புக்கு மாறலாம், வருடக் கடைசியில் மொத்த வரி ஒன்றேதான் என்று விளக்கினேன். திருப்தியாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்ப்ஸ்டாட் போய்விட்டு வந்து போட்டோ அனுப்பினார். திருப்பூர் நிட்டிங்காரர்களுக்கெல்லாம் தெரிந்த மேயர் அண்ட் சி வட்டப்பின்னல் மெஷின் பிறந்த ஊர். "நம்மூருக்கு மெஷின் இங்கிருந்துதான் வந்திருக்குங்ணா" என்று ஒரு வரி.

தறியை வாடகைக்கு எடுத்தவர் பழைய பாக்கியைக் கட்டிவிட்டார். வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர் மூன்று வருடத்துக்குப் பதிவு செய்து கொடுத்தால் நல்லது என்று கேட்டார். அம்மாவின் கைநாட்டு வாங்கும் முன் தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஆறரை, ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பதினோரு மாசமா, மூணு வருசமா தம்பி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

"இப்போதைக்குப் பதினோரு மாசமே போடுங்ணா. அப்புறம், ஏழாவது தறி பிக்கர் மறுக்கா மக்கர் பண்ணுதாம். கழட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

மூன்றாவது பக்கத்தில் பதினொன்று என்று எழுதி அம்மாவிடம் நீட்டினேன்.